பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறவள்

தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு வந்த பழக்கம். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, தொடரின் பெயர் திரையில் வந்து, முதல் கொலையோ முதல் கல்யாணமோ முடிவதற்குள் தலை தொங்கிவிடும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இந்த ஒன்றை மறைப்பதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் செய்தேன்.

கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. நான் மத்திய அரசு வேலையில் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கியவன். தமிழும் ஒழுங்காகப் படித்தவன். என் மனைவி இந்த ஊரிலேயே பிறந்தவள். அவளுடைய அப்பா ஒரு கம்பெனிக்கு ஸ்டெனோவாக வந்தவர். அவள் படித்தது பெங்காலிப் பள்ளியில். தமிழ் பேசுவாள், படிப்பது எழுத்துக் கூட்டித்தான். கல்யாணமான புதிதில் அவளுடைய தமிழைத் திருத்துவது எனக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. பிறகு அது பழக்கமாயிற்று. அவள் ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் நான் விஷயத்தைக் கேட்க மாட்டேன், தப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பேன்.

பெங்களூரில் இருக்கும் பையன் பெரிய டிவி ஒன்றை வாங்கி மாட்டி, நாலைந்து ஓடிடிகளுக்கும் பணம் கட்டிக் கொடுத்தான். அதிலிருந்துதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தொடங்கியது.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. துறைமுகத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற என் பழைய நண்பர். அலிப்பூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் ஒருவர். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த இளவயது வங்கி அதிகாரி ஒரு பெண். இவர்கள் மூவரும் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். வடையை மார்க்கெட் பக்கத்து ஓட்டலிலிருந்து யாராவது வாங்கி வருவார்கள். காபி எங்கள் வீட்டில். அந்த வாரம் புதிதாக வந்த தொடர்களைப் பற்றிப் பேசுவோம். வக்கீல் அதற்கு ‘பெஞ்ச்’ என்று பெயர் வைத்தார். விதிகளும் உண்டு. இரண்டாவது சுற்றுக் காபி வரும்வரை யாரும் கதையின் முடிவைச் சொல்லக் கூடாது. கடைசியாகப் பேசுவது நான். அதற்குத் ‘தீர்ப்பு’ என்று பெயர்.

ஹாலில் நாற்காலிகள் நான்கு. நான்கிலும் நாங்கள். என் மனைவி சமையலறை வாசலில் நிற்பாள்.

என் தீர்ப்புகள் பேர் வாங்கின. இன்ஜினியர் தன் மகளிடம் தொலைபேசியில் அவற்றைத் திருப்பிச் சொல்வாராம். ஒருமுறை வடக்குக் கல்கத்தாவில் ஒரு பழைய ஜமீன் வீட்டில் நடக்கும் கொலைக் கதை வந்தது. யார் கொலைகாரர் என்று மூவரும் மூன்று விதமாக யூகித்துத் தோற்றிருந்தார்கள். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

“ரெண்டாவது எபிசோட்லயே தெரிஞ்சுபோச்சு. சாப்பாட்டுப் பந்தியில மீன்தலையை யாருக்குப் போடறான்னு பார்த்தேளா? வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குப் போடணும். போடலை. மூத்த மருமக அதைத் தன் தம்பி தட்டுல வெக்கறா. மாமியார் பார்த்துண்டு பேசாம இருக்கா. அந்த வீட்டுல யார் கை ஓங்கியிருக்குன்னு அங்கேயே காட்டிட்டான். அப்புறம் கொலை யார் பண்ணினா என்ன?”

“ஓய், நீர் கத்திரிக்காய் திங்கற ஆசாமி. மீன்தலை உமக்கு எப்படிய்யா கண்ணுல பட்டுது?” என்றார் இன்ஜினியர்.

“இந்த ஊர்ல எத்தனை வருஷம் இருக்கேன்! கண்ணைத் தொறந்து வெச்சுண்டிருக்கணும்” என்றேன்.

வங்கிப் பெண் கைதட்டினாள். நான் அந்த எபிசோடில் மீனைப் பார்க்கவில்லை. பந்தியையும் பார்க்கவில்லை. பார்த்தது என் மனைவி. பள்ளிக்கூடத் தோழிகளின் வீட்டுப் பந்திகளில், மீனைத் தொடாமல் ஓரமாக உட்கார்ந்து, யார் தட்டில் என்ன விழுகிறது என்று சிறு வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

நடைமுறை இதுதான். இரவு எட்டு மணிக்கு இருவரும் டிவி முன்னால் உட்காருவோம். நான் தூங்கிவிடுவேன். அவள் முழுவதும் பார்ப்பாள். பெங்காலித் தொடர் என்றால் அடியில் ஓடும் எழுத்து அவளுக்குத் தேவையில்லை. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், கூப்பிடும்போது குரல் எங்கே இறங்குகிறது என்பது வரைக்கும் கேட்பாள். மறுநாள் காலை அவள் பால் காய்ச்சும்போது நான் சமையலறை வாசலில் போய் நிற்பேன்.

“நேத்து என்ன ஆச்சு? சுருக்கமாச் சொல்லு.”

அவள் சொல்வாள். சுருக்கமாகச் சொல்ல அவளுக்கு வராது. ஒரு நடிகை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிய விதத்தில் ஆரம்பித்து எங்கெங்கோ போய், திடீரென்று ஒரு வாக்கியத்தில் முழுக் கதையின் எலும்பையும் எடுத்து வெளியே வைப்பாள். எனக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்து உட்காரும். முகத்தில் ஒன்றையும் காட்ட மாட்டேன்.

“ஹூம்” என்பேன்.

அந்த ‘ஹூம்’மை நான் யோசித்துத்தான் வைத்திருந்தேன். நன்றாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னால் போதும், அவள் அதை வேறு யாரிடமாவது சொல்லிவிடுவாள். அப்புறம் அது எனக்கு உதவாது. அவள் சொல்லி முடித்ததும் பாலைப் பார்ப்பது போல என் முகத்தைப் பார்ப்பாள். ஏதாவது வருமா என்று. நான் பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். போகும் வழியிலேயே அவள் சொன்னதை நல்ல தமிழில் மனத்துக்குள் எழுதிப் பார்த்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலில் டம்ளர்களோடு நின்று தன்னுடைய பேச்சை என் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள். முதல்முறை கேட்டபோது சிரித்தாள். பெருமைப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஒருவேளை பெருமைதானோ என்னவோ. யார் வாய் வழியாகவோ, அது ஹாலுக்குள் வந்துவிட்டதே.

வங்கிப் பெண்தான் அதைக் கலைத்தாள். அவள் எங்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை வர முடியாதவர்கள் குரல்பதிவில் கருத்துச் சொல்லலாம் என்றாள். காபி டம்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சமையலறையில் என் மனைவியிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

“ஆன்ட்டி, உங்களையும் சேர்த்துட்டேன். நீங்களும் பாக்கறீங்கதானே? பேசுங்க.”

“எனக்கு எழுத வராதும்மா.”

“எழுத வேண்டாம். இந்த மைக்கை அமுக்கிட்டே பேசுங்க. அவ்வளவுதான்.”

“நான் பேசினா இவர் சிரிப்பார்.”

“சிரிச்சா சிரிக்கட்டும் ஆன்ட்டி.”

அந்த வாரம் வந்திருந்தது ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரின் கதை. அலிப்பூரில் ஒரு பெரிய வீடு, நீதிபதி, அவர் மனைவி. அவர் தன் பழைய வழக்கு ஒன்றை நினைத்து நினைத்து உள்ளுக்குள் கரைகிறார். அந்த நடிகரின் மௌனத்தைத்தான் குழுவில் எல்லாரும் புகழ்ந்தார்கள். சனிக்கிழமை காலை என் மனைவி பாலைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைச் சொன்னாள். நான் ‘ஹூம்’ என்றேன். அப்படி ஒன்றை அவள் அதுவரை சொன்னதில்லை. மாலை ஏரிக்கரையில் நடந்தபடி அதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். முதல் வாக்கியம் கிடைத்துவிட்டது. அப்போது பையில் போன் ஒலித்தது. குழுவில் ஒரு குரல்பதிவு. அவளுடையது.

கரையிலிருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காதில் வைத்துக் கேட்டேன்.

“எல்லாருக்கும் நமஸ்காரம். மாமி பேசறேன். இந்த ஜட்ஜ் கதையை நான் பார்த்தேன். எல்லாரும் அவர் பேசாம இருக்கறதைப் பெரிசாச் சொல்றேள். ஜன்னல்கிட்ட நின்னுண்டு சிகரெட் சாப்பிடறார், அது நன்னாத்தான் பண்ணியிருக்கார். ஆனா அந்தப் பொம்மனாட்டியைப் பார்த்தேளா? அவர் ரூம்ல இருந்தா அவ சேர்ல உக்காரவே இல்லை. ஒரு தடவைகூட. நிக்கறா, இல்லாட்டா கட்டில் ஓரத்துல, மாடிப்படியில. வீடு நிறைய சேர் இருக்கு. கடைசில அவர் செத்துப்போனப்புறம் ஒரு சேர்கிட்டப் போறா, கையை வெக்கறா, அப்பவும் உக்காரலை. டைரக்டர் தெரிஞ்சு பண்ணினாரா, இல்லை அவரோட அம்மா அப்படித்தான் இருந்தாளான்னு எனக்குத் தெரியலை. அவ்வளவுதான். தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்கோ.”

கேட்டு முடித்தபோது எனக்கு வந்தது கோபம் அல்ல, பயம். இதுவரை நான் சொன்ன தீர்ப்புகளையும் இந்தக் குரலையும் யாராவது அருகருகே வைத்துக் கேட்டால் ஒன்று மற்றொன்றின் தாய் என்று தெரிந்துவிடும். வக்கீலுக்கு அது தெரியாமல் போகாது. மறுநாள் காலைக்குள் அந்தக் குரலை ஒரு தமாஷாக ஆக்கிவிட வேண்டும் என்று அந்த பெஞ்சிலேயே முடிவு செய்தேன். ஆத்திரத்தில் செய்ததாக இருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வடைப் பொட்டலம் பிரிந்ததும் நான் போனை எடுத்து மேஜை நடுவில் வைத்தேன். சத்தத்தை முழுதாகக் கூட்டினேன்.

“இன்னிக்குப் புது நீதிபதி ஒருத்தர் வந்திருக்கார். முதல்ல அவரைக் கேப்போம்.”

அவள் அப்போதுதான் காபித் தட்டோடு வாசலுக்கு வந்திருந்தாள். தன் குரல் ஹாலில் கேட்டதும் நின்றாள். முகத்தில் வெட்கமும், அதற்குக் கீழே ஒரு சந்தோஷமும். அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ‘சிகரெட் சாப்பிடறார்’ என்ற இடத்தில் நிறுத்தினேன்.

“சிகரெட் சாப்பிடறாராம்! ஜட்ஜுக்குத் தொட்டுக்க என்ன போட்டா? கொத்சா, சட்னியா?”

பெங்காலியில் சிகரெட்டையும் சாப்பிடுகிறார்கள், தண்ணீரையும் சாப்பிடுகிறார்கள். இந்த ஊரில் பிறந்த எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான் பேசும். அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் அது தெரியும். ஆனாலும் இன்ஜினியர் வாயிலிருந்த வடை தெறிக்கச் சிரித்தார்.

“பில்டரை என்ன பண்ணினார், துப்பினாரா?” என்றார்.

மறுபடி ஓடவிட்டேன். ஒரு வாக்கியம், ஒரு நிறுத்தம். ‘வீடு நிறைய சேர் இருக்கு’ என்ற இடத்தில், “இது விமரிசனமா, பர்னிச்சர் கடை விளம்பரமா?” என்றேன். ‘செத்துப்போனப்புறம்’ வந்ததும் வக்கீல் இரண்டு கைகளையும் தூக்கினார்.

“ஐயோ மாமி! நான் இன்னும் முடிக்கலையே! ஜட்ஜைக் கொன்னுட்டேளே!”

“விதி மீறல். முதல் நாளே விதி மீறல்” என்றேன்.

‘மன்னிச்சுக்கோங்கோ’ என்று போன் சொன்னபோது எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வங்கிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சொன்னாள்:

“ஸார், அந்தச் சேர் விஷயம்... நான் அந்த எபிசோடைத் திரும்பப் போட்டுப் பாத்தேன். ஆன்ட்டி சொன்னது உண்மை ஸார். அந்தம்மா உக்காரவே இல்ல. எனக்கு ராத்திரி பூரா அதே நெனப்பு.”

ஹாலில் சிரிப்பு அடங்கியது. வக்கீல் புருவத்தைச் சுருக்கினார். நான் பயந்தது இந்த இடத்தைத்தான். இதற்கும் நான் தயாராக இருந்தேன்.

“உண்மைதான். அதை நான்தான் முந்தாநாள் இவளுக்குச் சொன்னேன். இவ எங்கே பார்த்தா? இவ பத்து நிமிஷத்துல தூங்கிடுவா. நான்தான் எழுப்பிக் கதை சொல்லுவேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லப் பார்த்திருக்கா, பாவம், பாதி வழியில சேர்லேந்து விழுந்துட்டா. நான் ஒழுங்காச் சொல்றேன், கேளுங்கோ.”

சொன்னேன். ஏரிக்கரையில் தயார் செய்திருந்த முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கி, நாற்காலி, மாடிப்படி, கடைசியில் அந்தக் கை என்று எல்லாவற்றையும் சொன்னேன். டைரக்டரின் அம்மாவையும் விடவில்லை. அன்று நான் பேசியது போல் எப்போதும் பேசியதில்லை.

“அதானே பார்த்தேன்! மாமிக்கு ஏது இவ்வளவு?” என்றார் இன்ஜினியர்.

என் மனைவி தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். வங்கிப் பெண் பாதிக் காபியை வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்து போனாள்.

எல்லாரும் போன பிறகு சமையலறை வாசலில் போய் நின்றேன். அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். விளையாட்டுக்குச் செய்தேன் என்றேன். அவள் குழாயை நிறுத்தினாள். திரும்பவில்லை.

“ஏன்னா, அந்தச் சேர் பத்திச் சொன்னேனே, அது சரிதானே?”

அத்தனை வருஷத்தில் அவள் நேராகக் கேட்ட ஒரே கேள்வி அது. தூங்கினது யார் என்று கேட்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. சரி என்ற ஒரு வார்த்தை எனக்குச் செலவே இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை, யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

“ஹூம்” என்றேன்.

அவள் குழாயைத் திறந்தாள்.

மாலையில் குழுவில் அவளுடைய பதிவு இருந்த இடத்தில், செய்தி நீக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது. அதன் கீழே, அவள் குழுவிலிருந்து வெளியேறினாள் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே இன்ஜினியர் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டிருந்தார். நானும் ஒன்று போட்டேன்.

மறுநாள் எட்டு மணிக்கு அவள் டிவி முன்னால் வரவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அங்கே ஒரு பெங்காலி அம்மாள் தனியாக இருந்தாள். அவளை நாங்கள் ‘பௌதி’, அண்ணி, என்று கூப்பிடுவோம். அன்றிலிருந்து தினமும் என் மனைவி அங்கே போய்ப் பார்த்தாள். காலையில் நான் சமையலறை வாசலில் நின்றால், “நான் ஒண்ணும் பார்க்கலை” என்பாள். பொய் என்று எனக்குத் தெரியும். கேட்கும் தைரியம் இல்லை.

எனக்குத் தீர்ப்பு வற்றிப்போயிற்று. விழித்திருந்து பார்க்க முயன்றேன். நின்றுகொண்டு பார்த்தேன், காபி குடித்துவிட்டுப் பார்த்தேன். தூக்கம் வராத நாட்களிலும் எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. திரையில் ஆட்கள் போனார்கள், வந்தார்கள், அழுதார்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் போனில் யாரோ எழுதியிருந்த விமரிசனத்தைப் படித்துவிட்டு அதைச் சொன்னேன்.

“ஸார், இதை நானும் படிச்சேன்” என்றாள் வங்கிப் பெண். குரலில் கேலி இல்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

“ஓய், உமக்குச் சரக்கு தீர்ந்துபோச்சா?” என்றார் இன்ஜினியர்.

அந்த வாரம் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. எட்டு மணிக்கு மேல் செருப்புப் போடாமல் வெளியே வந்து மாடிப்படியில் நின்றேன். புழுக்கத்துக்காகப் பௌதி கதவைத் திறந்துபோட்டு, திரையை மட்டும் இழுத்துவிட்டிருப்பாள். உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. முதலில் அது அவள்தானா என்று சந்தேகமாக இருந்தது. பெங்காலியில், உரக்க, வேகமாக, ஒரு முறைகூடத் தடுமாறாமல் பேசிக்கொண்டிருந்தாள். பௌதி மறுத்தாள். இவள் விடவில்லை. “அதெல்லாம் இல்லை, கேளு” என்று அடித்துப் பேசினாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் என் வீட்டில் கேட்டதில்லை.

அழகு நிலையம் வைத்திருக்கும் ஒரு தாயும் மகளும் பற்றிய தொடர் அது. மகள் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். தாய் அழுது புரள்கிறாள். அந்த அழுகைக்குப் பௌதியும் அழுதிருந்தாள் போலிருக்கிறது. என் மனைவி சொன்னாள்: அந்தத் தாய் மகளின் கடிதத்தைப் படித்தாள், போய் அடுப்பை அணைத்துப் பாலை இறக்கி வைத்தாள், அதற்கப்புறம்தான் அழுதாள். அடுப்பை அணைத்துவிட்டு அழுகிறவளுக்கு இது எப்போதோ தெரியும். இந்த நாளுக்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

நான் பூனை மாதிரி வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சொன்னேன். சொல்லும்போது அவள் சமையலறை வாசலில் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூன்று பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ருசி கண்டவனுக்கு அது போதும். அடுப்பு, பால், அதற்கப்புறம் அழுகை என்று சொல்லி முடித்தேன்.

“அடாடா! பழைய ஆள் திரும்பி வந்துட்டாரய்யா” என்றார் இன்ஜினியர்.

அப்போது அவளைப் பார்த்தேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு எங்கள் வாசல்கதவைப் பார்த்தாள், அதற்கு வெளியே இருக்கும் மாடிப்படியை மனத்தால் அளப்பதுபோல. பிறகு என் கால்களைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. காபியை ஒவ்வொருவர் பக்கத்திலும் வைத்தாள். எனக்கும் வைத்தாள்.

அதன்பின் அவள் பௌதி வீட்டுக்கும் போகவில்லை.

சில நாள் கழித்துப் பௌதி என்னைப் படியில் நிறுத்தினாள். “தாதா, தீதிக்கு உடம்பு சரியில்லையா? ஏன் வரதே இல்லை? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?” என்று பெங்காலியில், என்னை அண்ணன் என்றும் என் மனைவியை அக்கா என்றும் அழைத்துக் கேட்டாள். வயதான பெண்மணி. தன் பக்கம் தப்பிருக்குமோ என்று கலங்கிப்போயிருந்தாள். என் மனைவிக்கு வேலை அதிகம் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனேன். எட்டு மணிக்கு இப்போது என் மனைவி துணி மடிக்கிறாள், அல்லது மறுநாளைக்குக் காய் நறுக்குகிறாள். டிவி ஓடும் அறைப்பக்கம் வருவதில்லை. போனில் பையன், “அம்மா, புதுசா ஏதாவது பார்த்தியா?” என்று கேட்டால், “கண் வலிக்கறதுடா” என்கிறாள். அவள் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

பௌதி கேட்ட அந்த வாரம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பேசி முடித்து என் முறை வந்தபோது நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“நான் எதையும் பார்க்கலை. எப்பவுமே பார்த்ததில்லை. நான் தூங்கிடுவேன். மீன்தலை, நாற்காலி, பால் எல்லாம் அவ சொன்னது. நீங்க இத்தனை நாள் கேட்டது அவளைத்தான்.”

இன்ஜினியர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“மாமி இன்னிக்குச் சமையல் பண்ண மாட்டேன்னு சொல்லிட்டாளா? என்ன ஓய், காலைப் பிடிக்கறீர்?”

“வாக்குமூலம் மிரட்டி வாங்கினதா இருக்கும். கோர்ட்டுல செல்லாது” என்றார் வக்கீல்.

“சத்தியமாச் சொல்றேன்” என்றேன். சொல்லும்போதே அதுவும் ஒரு தீர்ப்பு மாதிரித்தான் என் வாயிலிருந்து வந்தது. நன்றாக நிறுத்தி, நன்றாக ஏற்றி இறக்கி.

வங்கிப் பெண் என்னைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலைப் பார்த்தாள். எழுந்தாள். தன் நாற்காலியை வாசல் பக்கமாகத் திருப்பிப் போட்டாள்.

“ஆன்ட்டி, வாங்க. உக்காருங்க. நீங்க சொல்லுங்க.”

என் மனைவி ஈரக்கையைத் தலைப்பில் துடைத்தபடி வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. நான்கு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பழைய ஜட்ஜ் கதையே போதும். அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் அவள் பாணியில் சொன்னால் வக்கீலுக்கு விளங்கிவிடும். எனக்கு உள்ளே வேண்டுதல் மாதிரி ஏதோ ஓடியது. சொல், சொல்.

அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

“எனக்கு என்னம்மா தெரியும்? நான் பத்து நிமிஷத்துல தூங்கிடுவேன். இவர்தான் எழுப்பிக் கதை சொல்லுவார்.”

ஒரு தப்பும் இல்லாத தமிழ். என் வாக்கியம், வார்த்தை மாறாமல்.

“பார்த்தீரா!” என்றார் இன்ஜினியர்.

வங்கிப் பெண் நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்கு யார் சொல்வது உண்மை என்று தெரியும் என்று நினைக்கிறேன். அவள் கண்கள் நனைந்திருந்தன. என் மனைவி எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டாள். “காபி ஆறிடும், குடி” என்றாள். உள்ளே போனாள்.

பெஞ்ச் இன்னும் கூடுகிறது. வங்கிப் பெண் வருவதில்லை. கடைசியாகப் பேசுவது இப்போது வக்கீல். நான் தூங்கித் தூங்கி விழுவதை இன்ஜினியர் வயதின் கணக்கில் போட்டுவிட்டார்.

காலையில் பால் காயும்போது நான் இப்போதும் சமையலறை வாசலில் போய் நிற்கிறேன். கேட்பதற்கு அல்ல. சொல்வதற்கு. அந்தச் சேர் விஷயம் சரிதான் என்று. பால் பொங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுப்பேன்.

“தள்ளிக்கோங்கோ” என்பாள். பாத்திரத்தை இறக்கி வைத்து அடுப்பை அணைப்பாள்.